கடைசிப் பக்கம் இல்லாத பேப்பர்

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: படிக்கிற செய்தித் தளங்கள்கூட ரீல்ஸ் மாதிரி மாறிவிட்டனவே, இதை யார் ஆரம்பித்து வைத்தது?

ஒரே ஆளைக் கைகாட்ட முடியாது. முடிவே இல்லாமல் ஓடும் பக்கத்தை 2006-ல் வடிவமைத்தவர் அசா ராஸ்கின் என்ற அமெரிக்கர். ‘அடுத்த பக்கம்’ என்று தேடி அழுத்தும் தொல்லை தீரட்டும் என்றுதான் செய்தார். பின்னாளில் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். நம் நாட்டில் 2013-ல் தொடங்கிய இன்ஷார்ட்ஸ், செய்திக்கு 60 சொல், திரைக்கு ஒரு செய்தி என்று தள்ளித் தள்ளிப் படிக்கப் பழக்கியது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். ஜூலையில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் ஷார்ட்ஸ். பழகிய விரலைத் தேடிச் செய்தியும் வந்துவிட்டது.

வங்கி ஊழியர், ஈரோடு: ‘இதோடு போதும்’ என்று நினைத்தாலும் விரல் கேட்பதில்லையே, ஏன்?

அடுத்து என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியாது, அதனால்தான். உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்து இதைக் காட்டினார். எத்தனை கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாதபோதுதான் அவை ஓயாமல் கொத்தின. உங்கள் மன உறுதியைக் குறை சொல்லாதீர்கள்.

இல்லத்தரசி, மதுரை: 60 சொல்லில் செய்தி சொன்னால் என்ன தப்பு? நேரம் மிச்சம்தானே?

சுருக்கம் தப்பே இல்லை. வானொலியின் தலைப்புச் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? ஆனால் வானொலியில், ‘இத்துடன் செய்திகள் முடிவடைந்தன’ என்று ஒரு குரல் வரும். நாமும் எழுந்து வேலையைப் பார்ப்போம். இங்கே அந்தக் குரல் இல்லை. மிச்சமான நேரத்தை அடுத்த அறுபது சொல் எடுத்துக்கொள்கிறது.

இன்னொன்று, தேதி. ‘கனமழை: நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று ஒரு திரை. பின்னணியில் தண்ணீர் தேங்கிய தெரு, குடையோடு பிள்ளைகள். எந்த மாவட்டம், எந்த ஆண்டு? ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். போன வருடத்துச் செய்தி இந்த வருட மழையில் மறுபடி சுற்றி, எத்தனை வீட்டில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று குழம்பியிருப்பார்கள்! பேப்பரில் தேதி முதல் பக்கத்தின் உச்சியில் இருக்கும். பழைய பேப்பரை யாரும் இன்றைய பேப்பர் என்று நினைப்பதில்லை.

அதே ஓட்டத்தில் வெள்ளத்தில் வீடிழந்தவரின் முகம் வரும், அடுத்த தள்ளலில் பட டிரெய்லர் வரும். அழுத முகத்துக்கு நம் மனத்தில் இடம் கிடைக்க அவகாசமே இல்லை. எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

பட்டதாரி இளைஞர், கோவை: விக்கிடாக் பார்த்தீர்களா? இப்படி நல்லதையும் கொடுக்கலாமே?

பார்த்தேன், பிடித்திருந்தது. 2025 பிப்ரவரியில் ஐசக் கெமல் என்ற மென்பொருளாளர், விக்கிப்பீடியா கட்டுரைகளைப் படத்தோடு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும்படி செய்தார். நம் ரசனையை மோப்பம் பிடிக்கும் அல்காரிதம் வேண்டாம் என்று உறுதியாக இருந்தார், பெரிய மனது. முழுக் கட்டுரைக்குப் போகவும் வழி வைத்தார். ஆனால் தம்பி, அதற்கும் முடிவு கிடையாது.

கடை உரிமையாளர், தஞ்சாவூர்: பத்திரிகைகளுக்கு வேறு பிழைப்பு வழி உண்டா?

நாம் தங்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்கு விளம்பரக் காசு. அவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. சந்தா கட்டாத நமக்கும் பங்கு உண்டு. ஆனால் வழி இருக்கிறது. லண்டனின் ‘தி எகனாமிஸ்ட்’ 2014-ல் ‘எஸ்பிரஸ்ஸோ’ என்று ஒரு செயலி கொண்டுவந்தது. காலையில் சில சுருக்கமான செய்திகள், படித்து முடிக்கக்கூடிய அளவில். அதற்குச் சந்தாவும் வாங்கினார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்: சரி, நாங்கள் என்னதான் செய்வது?

ஐயா, செயலியின் நோட்டிஃபிகேஷனை இன்றே நிறுத்துங்கள். செய்தி பார்க்க ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியம் என்று படுகிற ஒரே ஒரு செய்தியையாவது முழுக் கட்டுரையாகத் தேடிப் படியுங்கள். பிறகு, நீங்கள் வாங்கும் பத்திரிகையின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: ஒவ்வொரு செய்தியிலும் தேதி பெரிதாக வேண்டும், ‘இன்றைய செய்திகள் முடிந்தன’ என்று கடைசியில் ஒரு திரை வேண்டும். வாசகர்களே, நீங்களும் எழுதுங்கள். நூறு பேர் கேட்டால் எந்த ஆசிரியரும் யோசிப்பார்.