நூற்றில் எட்டுக் குறையும் டாக்டர்

அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி. இரண்டாம் ஆண்டு படிப்பவரைக் கல்யாண வீட்டில் கண்டுபிடிப்பது சுலபம். பந்தியில் எல்லாரும் இலையைப் பார்க்க, இவர் மட்டும் மேஜைக்கடியில் குனிந்து பக்கத்து உறவினரின் காலைப் பார்ப்பார். தீசிஸ் அப்படி. பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் 100 பேர் வேண்டும். பாதிப் பேருக்கு வாராவாரம் போன் போட்டு நினைவூட்டுவது, மீதிப் பேரைச் சும்மா விடுவது. ஆறு மாதம் கழித்து யாருக்குச் சர்க்கரை குறைந்தது என்று பார்ப்பது. இதுவரை சேர்ந்தது 92.

“சித்தப்பாவுக்கும் சுகராம்டா” என்று அம்மா கவலையோடு சொன்னால் இவர் முகம் மலரும்.

“அப்படியா! எத்தனை வருஷமா?”

“பத்து வருஷம் இருக்கும்.”

“அருமை. வயசு?”

“போன மாசந்தான் அறுபத்தொண்ணு முடிஞ்சுது.”

முகம் வாடிவிடும். நாற்பது முதல் அறுபது வரைதான் சேர்ப்பேன் என்று எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தது இவரேதான். இருந்தாலும் சித்தப்பா ஒரு வருஷம் முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே தீசிஸ் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். நடுவில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனை வாசம். அதுபோக, சென்னை அயப்பாக்கத்தில் இருக்கிற தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் ஆன்லைன் ஆராய்ச்சிப் பாடம். இரவு டூட்டியில் அது போனில் ஓடிக்கொண்டிருக்கும். இவர் வார்டில் ஓடிக்கொண்டிருப்பார்.

ஓபியில் மரத்த கால் ஒன்று கிடைத்துவிட்டால் நாற்காலி வரும், டீ வரும். கண்ணை மூடச் சொல்லி, பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால் உள்ளங்காலைத் தொடுவார். “தெரியுதா அம்மா?” “தெரியலையே தம்பி.” இந்தப் பதிலுக்குச் சந்தோஷப்படும் மனிதர் அந்தக் கட்டடத்திலேயே இவர் ஒருவர்தான். பிறகு ஒப்புதல் படிவம். “இவ்வாய்வினின்று தாங்கள் எந்நேரமும் விலகிக்கொள்ளலாம்” என்ற வரியை மட்டும், சட்டம் கட்டாயப்படுத்துவதால், கொஞ்சம் மெதுவாக வாசிப்பார்.

“கையெழுத்துன்னா... வீட்டுப் பத்திரம் எதுவும் இல்லையே?”

“சேச்சே, வாராவாரம் போன் பண்ணுவேன், அவ்வளவுதான்.”

பண்ணவும் செய்வார். இங்கேதான் வேடிக்கை. அரசு ஆஸ்பத்திரியில் நோயாளி டாக்டரைத் தேடி அலைவதுதான் உலக வழக்கம். இவரோ நோயாளியைத் தேடுகிறார். “செருப்புப் போட்டுத்தானே நடக்கிறீங்க? மாத்திரை போட்டாச்சா? ராத்திரி காலைப் பாத்தீங்களா?” பெற்ற அம்மாவுக்குப் போன் பண்ணி மூன்று வாரமாகிறது என்பது வேறு விஷயம். ஒருவர் எடுக்கவில்லையென்றால் பதறிப்போய் அவர் மருமகனை, மருமகன் எடுக்காவிட்டால் எதிர்வீட்டு மளிகைக் கடையைப் பிடிப்பார். “இந்தக் காலத்துல இப்படி ஒரு தங்கமான புள்ள!” என்று ஊரே சொல்லும். ஒரு ஆள் நழுவினால் மாஸ்டர் சார்ட்டில் ஒரு வரிசை காலியாகும் என்பது ஊருக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் கணக்கு. இரண்டு கூட்டத்தின் சராசரிகளை ஒப்பிட டி-டெஸ்ட். அதைக் கண்டுபிடித்த காசெட், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். 1908-ல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். குடியைக் கெடுதல் என்று வார்டு வார்டாகச் சொல்லும் இவர்களுக்குப் பட்டம் வாங்கித் தருவது ஒரு பீர்க் கணக்கு! அதன் விடையாக வரும் பி வேல்யூ 0.05-க்குக் கீழே இருந்தால் மரியாதை. ஃபிஷர் 1925-ல் வசதிக்காகப் போட்ட கோடு அது. இவருக்கு வந்தது 0.06. ஸ்டாட்டிஸ்டிசியன் காலில் விழாத குறையாக, “இன்னொரு தடவை போட்டுப் பாருங்களேன் சார்” என்றார். இன்னொரு தடவையும் 0.06. வாராவாரம் போன் பண்ணியதால் பெரிய வித்தியாசம் ஏதும் தெரியவில்லை என்று எழுதி, பைண்டிங் பண்ணி, தங்க எழுத்துப் போட்டு ஒப்படைத்தாயிற்று.

அதற்கடுத்த வியாழக்கிழமை இரவு போன் அடித்தது. வரிசை எண் 37.

“என்ன தம்பி, ரெண்டு வாரமா கூப்பிடவே இல்ல? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? சாப்பிட்டீங்களா?”

“இன்னும் இல்லம்மா, டூட்டி.”

“மணி பத்தாகுது! முதல்ல போய்ச் சாப்பிடுங்க. அடுத்த வியாழக்கிழமை நானே போன் போடுறேன், எடுக்காம இருந்துடாதீங்க.”