மறுகன்னம் யாருடையது?

வன்முறையைக் கிறிஸ்தவர் எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்று கேட்டால், நம் பிரசங்கிகளுக்கு யோசிக்கவே நேரம் தேவையில்லை. மன்னிக்க வேண்டும், மறுகன்னம் காட்ட வேண்டும். சொல்பவரின் கன்னத்தில் மட்டும் ஒரு தழும்பும் இருக்காது. அடி வாங்குகிற கன்னம் சேரியில் இருக்கிறது.

எறையூரை எடுத்துக்கொள்வோம். அன்று விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி. செபமாலை மாதா கோயில் இருக்கும் ஊர். மாதா எல்லோருக்கும் தாய், சரிதான். ஆனால் தலித் பிள்ளை செத்தால் சவ ஊர்வலம் பெரிய தெரு வழியே வரக்கூடாது. சவ வண்டி தனி, கல்லறை தனி. உயிர்த்தெழும் நாளில் எந்தத் தெரு வழியாக எழுந்து போவது என்பதையும் ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்துவைத்திருப்பார்கள். தலித்துகள் சகாய மாதாவுக்கு ஒரு கோயில் கட்டிக்கொண்டு, எங்களைத் தனிப் பங்காக ஆக்குங்கள் என்று உண்ணாவிரதம் இருந்தார்கள். 2008 மார்ச் 9, தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை, தலித் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் செத்தார்கள். அடித்தவர், அடிபட்டவர், செத்தவர் எல்லோரும் ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

இப்படி எங்கே எது நடந்தாலும் திருச்சபையிடமிருந்து வரும் அறிக்கைக்கு ஒரே அச்சுதான். ‘ஆழ்ந்த வேதனை.’ ‘சில விஷமிகள்.’ ‘இரு தரப்பினரும் அமைதி காக்க வேண்டும்.’ அந்த ‘இரு தரப்பு’ இருக்கிறதே, அதுதான் அற்புதம்! ஓட்டை உடைத்தவன் ஒரு தரப்பு, உடைந்த ஓட்டின் கீழே படுத்திருந்தவன் இன்னொரு தரப்பு. இருவரும் அமைதி காக்க வேண்டுமாம். பிறகு சமாதானத் திருப்பலி. ‘ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவியுங்கள்’ என்றதும் தலைகள் திரும்பும், கைகள் குவியும், அவரவர் வரிசைக்குள். கை குலுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லாதது எவ்வளவு வசதி!

இயேசுவே அறை வாங்கியிருக்கிறார். தலைமைக் குருவின் முன்னால், ஒரு காவலனிடம். அவர் பேசாமல் மறுகன்னத்தை நீட்டவில்லை. நான் சொன்னதில் தப்பு இருந்தால் காட்டு, இல்லையென்றால் ஏன் அடித்தாய் என்று கேட்டார். யோவான் நற்செய்தி, 18-ஆம் அதிகாரம். பெரிய வெள்ளிதோறும் வாசிக்கப்படுகிறது. பிரசங்கத்தில் மட்டும் ஏனோ இடம் கிடைப்பதில்லை.

கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் மன்னிக்கவில்லையா என்பார்கள். மன்னித்தார். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், ஜீப்புக்குள் வைத்து எரிக்கப்பட்டவர்கள் அவருடைய கணவரும் இரண்டு மகன்களும். மன்னிக்கும் உரிமை அவருடையது. அவர் மன்னித்தார் என்பதற்காக வழக்கு நிற்கவில்லை. கொலையாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அடுத்தவன் வீட்டு இழவை மேடையில் நின்று மன்னிப்பதற்குப் பெயர் வேறு. எங்கள் ஊரில் திமிர் என்போம்.

பட்டியல் சாதிகள் பற்றிய 1950-ஆம் ஆண்டின் ஆணையைத் திருத்தி, தலித் கிறிஸ்தவர்களை அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் திருச்சபை ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக்குகிறது. கோரிக்கை நூறு சதம் நியாயம். மதம் மாறினாலும் சாதி போகவில்லை என்று டெல்லியிடம் வாதாடுகிறோம். சாட்சி வேண்டுமென்றால் தொலைவில் தேட வேண்டியதில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே நாமே சுவர் எழுப்பினோம். 2003-இல் போப் இரண்டாம் ஜான் பால், ரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடமே சாதியைக் கண்டித்துப் பேசினார். எறையூர் நடந்தது அதன் பிறகு, ஐந்து ஆண்டுகளுக்குள். நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறு என்று ஒன்று கொண்டாடுகிறோம். மற்ற ஐம்பத்தொரு ஞாயிறும் யாருக்கு என்று கேட்கக்கூடாது.

கோயில் வரி பாக்கி வைத்தவனின் பிணத்தை நிறுத்தி வைத்துக் கணக்குக் கேட்கத் தெரிந்த பங்குகள் உண்டு. சுவர் கட்டியவனுக்கு நற்கருணை இல்லை என்று சொல்ல மட்டும் எந்தப் பங்குக்கும் வாய் வருவதில்லை. சொன்னால் திருவிழா நன்கொடை குறையும், தேர் இழுக்க ஆள் வராது.

ஆகவே, அடுத்த ஞாயிறு மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வந்தால் எழுந்து நின்று கேளுங்கள்: சாமி, அடித்தவர் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்? அவரிடம் எப்போது பேசப்போகிறீர்கள்?