விரிசலிடம் ஒரு கேள்வி

சுழலும் பாகங்களுக்குள் ஒளிந்திருக்கும் குறைகளை ரோபோ எப்படித் தேடுகிறது என்று சென்ற இதழில் நாலு வரி எழுதினேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த இதழில் இடம் முழுவதும் அவற்றுக்கே.

கேள்வி: கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுப்பது புரிகிறது. விமான எஞ்சினுக்கு எதற்கு ஸ்கேன்?
— இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: இரண்டு கருவிகளும் ஒரே குடும்பம். காதுக்கு எட்டாத ஒலியை, அதாவது மீயொலியை, உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து உள்ளே இருப்பதை அறிகிறோம். அங்கே ஏதாவது தெரிந்தால் இனிப்பு கொடுப்பார்கள். இங்கே எதுவும் தெரியாமல் இருந்தால்தான் இனிப்பு!

எஞ்சினில் இந்தச் சோதனை அதிகம் தேவைப்படுவது 'டிஸ்க்' எனும் பாகத்துக்கு. விளிம்பைச் சுற்றி 'பிளேடு' எனும் இலைகளைத் தாங்கிக்கொண்டு சுழலும் கனத்த உலோக வட்டு அது. நிமிடத்துக்கு 10,000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் 1 கிராம் உலோகத்தைப் பிடித்து வைக்க, ஏறக்குறைய 28 கிலோ எடையைத் தூக்குகிற அளவு விசை வேண்டும். இலை ஒன்று ஒடிந்தால் எஞ்சினின் உறை அதை வெளியே விடாமல் தடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. டிஸ்க்குக்கு அப்படி விதி போட முடியாது. அதன் துண்டுகளைத் தடுக்கும் அளவுக்கு உறையைக் கனமாகச் செய்தால் விமானம் எழும்பாது. ஆகவே டிஸ்க் உடையவே கூடாது.

கேள்வி: அப்படி உடைந்த கதை ஏதாவது உண்டா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தென்காசி

பதில்: உண்டு ஐயா. இந்தத் துறையையே திருப்பிப் போட்ட கதை.

1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் போய்க்கொண்டிருந்த யுனைட்டெட் 232, டி.சி.-10 வகை விமானம். 37,000 அடி உயரத்தில் அதன் வால் எஞ்சினின் முன்விசிறி டிஸ்க் பிளந்தது. தெறித்த துண்டுகள் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் செயலிழக்க வைத்தன. விமானத்தைத் திருப்பவோ இறக்கவோ விமானிகள் கையில் மிஞ்சியது மற்ற இரண்டு எஞ்சின்களின் த்ராட்டில் மட்டும். கேப்டன் ஆல்ஃபிரட் ஹெய்ன்ஸும் அவருடைய குழுவும், பயணியாக வந்திருந்த விமானிப் பயிற்றுநர் டெனிஸ் ஃபிட்சும் சேர்ந்து, ஒரு எஞ்சினைக் கூட்டி மற்றதைக் குறைத்தே அயோவா மாநிலத்தின் சூ சிட்டி ஓடுபாதை வரை கொண்டுவந்துவிட்டார்கள். இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். 112 பேர் இறந்தார்கள்.

டிஸ்க்கின் பெரிய துண்டுகள் மூன்று மாதம் கழித்து, மக்காச்சோள அறுவடையின்போது ஒரு வயலில் கிடைத்தன. ஆராய்ந்தபோது மூலகாரணம் தெரிந்தது. 1970-களின் தொடக்கத்தில் டைட்டேனியத்தை உருக்கிய சமயத்தில் நைட்ரஜன் மிகுந்த ஒரு துளி உள்ளே உறைந்து போயிருக்கிறது. 'ஹார்ட் ஆல்ஃபா' என்பார்கள். கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மை கொண்டது. அது இருந்த இடத்தில் ஒரு சிறு குழி விழுந்து, ஒவ்வொரு பறப்புக்கும் இம்மியளவு விரிசலாக வளர்ந்தது.

தயாரித்தபோது மீயொலிச் சோதனை செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தார்கள், தப்பிவிட்டது. ஒலி எதிரொலிக்க வேண்டுமானால் இரண்டு பொருள்களுக்கிடையே வேறுபாடு வேண்டும். ஹார்ட் ஆல்ஃபா சுற்றியுள்ள டைட்டேனியத்திலிருந்து பெரிதாக வேறுபடுவதில்லை. பக்கத்தில் வெற்றிடமோ வெடிப்போ இருந்தால்தான் எதிரொலி உரக்க வரும்.

பிற்பாடு 1988 பிப்ரவரியில், ஒளிரும் சாயம் பூசி மேற்பரப்பு விரிசலைத் தேடும் சோதனையும் நடந்தது. அந்த நேரத்தில் விரிசல் மேற்பரப்பில் அரை அங்குல நீளத்துக்கு வளர்ந்திருக்கும் என்பது விசாரணையின் கணிப்பு. அதுவும் கண்ணில் படவில்லை. அதன்பின் 760 பறப்புகள்தான். அரை அங்குலம், 112 உயிர். இந்த இரண்டு எண்களையும் சேர்த்து நினைக்காமல் என்னால் இந்தத் துறையைப் பற்றி எழுத முடிவதில்லை.

கேள்வி: எக்ஸ்ரே எடுத்தால் வேலை முடிந்தது. எதற்கு இந்த ஒலிப் பாடு?
— பல் மருத்துவமனை உதவியாளர், நாமக்கல்

பதில்: பல்லில் விழும் ஓட்டைக்கு எக்ஸ்ரே சரி. மயிரிழை விரிசல் கதிரின் திசைக்கு நேராக இருந்தால் மட்டும் படத்தில் விழும். குறுக்கே படுத்திருந்தால், அதில் குறையும் உலோகத்தின் கனம் மிகச் சொற்பம், படம் காட்டாது. குறுக்கே படுத்த விரிசல்தான் ஒலிக்கு மிகப் பிடித்த விருந்தாளி.

கேள்வி: நான் சிறுவனாக இருந்தபோது ரயில் நின்றதும் ஒருவர் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போவார். அதுவும் இதுவும் ஒன்றுதானே?
— முன்னாள் ரயில்வே ஊழியர், விழுப்புரம்

பதில்: வம்சம் அதுதான். 'டங்' என்று கணீரென ஒலித்தால் சக்கரம் நல்லது, 'டப்' என்றால் சந்தேகம். ஆனால் தட்டு ஓசை மொத்தச் சக்கரத்தின் சேதியைச் சொல்லும். விரிசல் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று சொல்லாது. மீயொலி ஆழத்தை நேரமாக அளந்து தருகிறது. டைட்டேனியத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 6,100 மீட்டர் ஓடும். போய் வர எடுத்த நேரம் தெரிந்தால் தூரம் தெரியும்.

கேள்வி: சோதனை செய்யும் பாகத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குகிறார்களாமே, ஏன்?
— பிளஸ் டூ மாணவி, தேனி

பதில்: ஒலிக்கும் காற்றுக்கும் ஆகாது, தங்கையே. உலோகமும் காற்றும் சந்திக்கும் இடத்தில் இந்த ஒலி கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும். ஆகவே ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவியான ப்ரோபுக்கும் பாகத்துக்கும் நடுவில் தண்ணீர் வேண்டும். இந்த ஆகாமைதான் நமக்கு உபகாரமும் செய்கிறது. விரிசலுக்குள்ளே இருப்பதும் காற்றோ வெற்றிடமோதானே? உலோகத்துக்குள் ஓடிவந்த ஒலி அங்கே முட்டித் திரும்புகிறது.

தொட்டியில் ஒரு தொல்லை உண்டு. மேற்பரப்பில் ஒட்டிக்கொண்ட சின்னக் காற்றுக்குமிழி ஒலியை மறித்து, ஊழியரைப் படாதபாடு படுத்தும்.

கேள்வி: கைதேர்ந்த ஆள் ப்ரோபைப் பிடித்துச் செய்த வேலைக்கு ரோபோ எதற்கு? விளம்பரத்துக்கா?
— லேத் பட்டறை உரிமையாளர், கோவை

பதில்: இல்லை. பள்ளிக்கூடப் பாடத்தில் வரும் ஒளிவிலகல் ஒலிக்கும் நடப்பதுதான் காரணம். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர், டைட்டேனியத்தில் 6,100. நாலு மடங்குக்கு மேல். எனவே தண்ணீரில் ப்ரோப் 1 டிகிரி சாய்ந்தால் உலோகத்துக்குள் ஒலிக்கற்றை 4 டிகிரிக்கும் மேல் சாய்ந்துவிடும். டிஸ்க்கோ நேரான பலகை இல்லை. நடுவில் தடித்து, இடையில் மெலிந்து, விளிம்பில் மறுபடி தடிக்கும். அந்த வளைவு முழுவதும் ஒரு டிகிரிக்குள் கோணம் தவறாமல் ப்ரோபைப் பிடித்து நகர்த்தும் கை எந்த ஊரிலும் பிறக்கவில்லை. ஆறு அச்சு ரோபோ, பாகத்தின் வரைபடத்தை வைத்துப் பாதை போட்டுக்கொண்டு அதைச் செய்கிறது. கீழே சுழல்மேடை பாகத்தைச் சுற்றுகிறது.

அளவையும் பாருங்கள். 80 சென்டிமீட்டர் விட்டம், நடுவில் 20 சென்டிமீட்டர் துளை உள்ள வட்டு. அரை மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தால் ஒரு பக்கத்துக்கே ஏறக்குறைய 19 லட்சம் புள்ளிகள். மனிதர் 19 லட்சம் எதிரொலிகளைச் சலிக்காமல் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ரோபோ என்றதும் எல்லாரும் வேகத்தைப் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதன் பதிவு. கையால் செய்த சோதனையில் மிஞ்சுவது 'சரி' என்ற ஒரு கையெழுத்து. ரோபோ செய்தால் ஒவ்வொரு எதிரொலியும் எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில் வந்தது என்று சேமிக்கப்படுகிறது. ஐந்து ஆண்டு கழித்து அதே டிஸ்க் மறுபடி தொட்டிக்கு வரும்போது பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைக்கலாம். அன்று இரைச்சலோடு இரைச்சலாகக் கிடந்த ஒரு புள்ளி இன்று கொஞ்சம் உரத்துப் பேசினால், பார்ப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

கேள்வி: விபத்து நடந்த பிறகே சோதனை முறைகள் வருகின்றன. முன்னாலேயே யோசிக்க மாட்டார்களா?
— சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

பதில்: உங்கள் கோபம்தான் எனக்கும். சூ சிட்டிக்குப் பிறகு டைட்டேனியத்தின் மேல் எல்லாருடைய கவனமும் பாய்ந்தது. உருக்கும் முறை மாறியது. ஒரே ப்ரோபை வைத்து முழு ஆழத்தையும் பார்க்காமல், ஒவ்வொரு ஆழத்துக்கும் தனியாகக் குவிந்த ப்ரோபை வைக்கும் 'மல்டி ஜோன்' முறை வந்தது. அமெரிக்க அரசின் பணத்தில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகமும் எஞ்சின் நிறுவனங்களும் கூடி ஆராய்ந்தன. எல்லாம் நல்ல வேலை.

ஆனால் எஞ்சினின் சூடான டர்பைன் பக்கம் இருப்பது டைட்டேனியம் இல்லை, நிக்கல் கலவை. 2016 அக்டோபர் 28 அன்று சிகாகோ ஓஹேர் ஓடுபாதையில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 383 விமானம் புறப்பட ஓடும்போது, டர்பைனின் நிக்கல் டிஸ்க் ஒன்று உருக்கும்போது உள்ளே உண்டான குறையால் பிளந்தது. ஒரு துண்டு ஏறக்குறைய 900 மீட்டர் பறந்து ஒரு கிடங்கின் கூரையைத் துளைத்தது. விமானி புறப்பாட்டை நிறுத்தியதால் தீப்பிடித்த விமானத்திலிருந்து 170 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். பயன்பாட்டில் இருக்கும் நிக்கல் டிஸ்க்குகளின் உட்புறத்தையும் மீயொலியால் பார்க்க வேண்டும் என்று விசாரணைக் குழு பரிந்துரைத்தது அதற்குப் பிறகு. டைட்டேனியம் கற்றுக்கொடுத்த பாடத்தை நிக்கலுக்கும் எடுத்துப்போக 27 ஆண்டு ஆகியிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: 2023-ல் இண்டிகோ விமானங்கள் பல தரையில் நின்றதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
— அடிக்கடி பறப்பவர், சென்னை

பதில்: தொடர்பு உண்டு. ஏர்பஸ் நியோ விமானங்களில் உள்ள பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களின் சில டிஸ்க்குகள் உலோகத் தூளை அழுத்திச் செய்யப்பட்டவை. 2015 இறுதியிலிருந்து 2021 வரை தயாரான தூளில் மாசு கலந்திருக்கலாம் என்று 2023-ல் நிறுவனமே அறிவித்தது. எஞ்சினைக் கழற்றி, பிரித்து, டிஸ்க்கைச் சாய்கோணத்தில் மீயொலியால் பார்க்க வேண்டியதாயிற்று. பார்க்கும் வேலை சிறிது. கழற்றவும் மாட்டவும் பட்டறையில் இடம் கிடைக்கவும்தான் மாதக்கணக்கு. உலகெங்கும் நூற்றுக்கணக்கான விமானங்கள் காத்து நின்றன. தாமதம் எரிச்சல்தான். ஆனாலும் விபத்துக்குப் பின் எழுதும் அறிக்கையைவிட விபத்துக்கு முன் நிற்கும் விமானம் எவ்வளவோ மேல்.

கேள்வி: ரயில் அச்சுக்கும் யூ.டி. (மீயொலிச் சோதனை) செய்கிறோம். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை?
— பணிமனைத் தொழிலாளி, பொன்மலை

பதில்: ஒரு வார்த்தை போதாது, தோழரே. உலோகம் களைத்துப்போகும் என்பதை உலகத்துக்குச் சொன்னதே உங்கள் அச்சுதான். 1842 மே 8 அன்று வெர்சாய் அருகே எஞ்சின் அச்சு முறிந்து, 50 பேருக்கு மேல் இறந்தார்கள். பொறியாளர் ராங்கின் முறிந்த அச்சுகளை ஆராய்ந்ததும், பிரஷ்ய ரயில்வேயின் வோலர் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்ததும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளில். 2008 ஜூலையில் ஜெர்மனியின் அதிவேக ரயில் ஒன்றின் அச்சு கொலோன் நகரில் முறிந்தது. நல்லவேளை, ரயில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. 3 லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை நடந்த மீயொலிச் சோதனையைப் படிப்படியாக 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று ஆக்கினார்கள். அந்த அச்சுகளின் நடுவே துளை உண்டு. அதற்குள் ப்ரோப் தானே நுழைந்து, சுழன்றபடி போய்ப் பார்த்துவரும். நீங்கள் பார்க்கும் கெட்டி அச்சில், முனையில் ப்ரோபை வைத்து முழு நீளத்தையும் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் காதுக்கு வேலை அதிகம்.

கேள்வி: என்.டி.டி. (பாகத்தைச் சிதைக்காமல் சோதிக்கும் முறை) படிக்கிறேன். ரோபோ என் வேலையைத் தின்றுவிடுமா?
— மாணவர், திருச்சி

பதில்: ப்ரோபைத் தேய்க்கிற வேலையைத் தின்னும், தம்பி. திரையில் எழும்பிய எதிரொலி விரிசலா, பாகத்தின் மூலையா, பெரிய படிகத் துகள்கள் எழுப்பிய இரைச்சலா என்று சொல்லும் வேலையைத் தின்ன அதற்குப் பல் முளைக்க நாளாகும். உங்கள் ஊரில் பெல் நிறுவனம் இருப்பதால் வெல்டிங்கும் சோதனையும் தெருவுக்குத் தெரு உண்டு. கல்பாக்கத்தில் விஞ்ஞானி பல்தேவ் ராஜ் வளர்த்த ஆய்வு மரபும், ஐஐடி மெட்ராஸில் இதற்கென்றே ஒரு மையமும் இருக்கின்றன. லெவல் 2 சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள். அலை இயற்பியலையும் கொஞ்சம் நிரல் எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். ரோபோவுக்குப் பாதை போட்டுக் கொடுப்பவருக்குத்தான் இனிக் கிராக்கி.

கேள்வி: ரோபோ 'குறை இல்லை' என்றால் குறையே இல்லை என்று நம்பலாமா?
— வங்கி அலுவலர், ஈரோடு

பதில்: அப்படி ஒரு சான்றிதழ் இந்தத் துறையில் கிடையாது. 'இந்த அளவுக்கு மேற்பட்ட குறையை நூற்றில் தொண்ணூறு தடவையாவது பிடிப்போம், இந்தக் கணிப்பில் 95 சதவீத நம்பிக்கை உண்டு' என்றுதான் சொல்வார்கள். 0.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டையடித் துளைகள் போட்ட கட்டையை முதலில் காட்டிக் கருவியின் காதைச் சரிபார்ப்பதும் உண்டு. தப்பிவிட்ட சிறு குறை ஆபத்தான அளவுக்கு வளருமுன் அடுத்த சோதனை வந்துவிடும்படி நாள் குறிப்பார்கள்.

கேள்வி: குறை தெரிந்தால் வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாமே?
— இருசக்கர வாகன மெக்கானிக், ஆம்பூர்

பதில்: உள்விரிசல் உள்ள டிஸ்க்கில் ஒட்டுவேலை கிடையாது. அத்தனை விசையைத் தாங்கும் இடத்தில் சூடு பட்ட உலோகத்தை யாரும் நம்ப மாட்டார்கள். கழிக்க வேண்டியதுதான். கழித்ததை அப்படியே பழைய இரும்புக்கும் போடுவதில்லை. எவரும் சாயம் பூசி மறுபடி விற்றுவிடாதபடி அறுத்தோ துளைத்தோ உருக்குலைத்து, அதன் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டுதான் வெளியே அனுப்புவார்கள்.