குழாயை அடைத்தவனுக்கு அபராதம்

பிரிட்டிஷ் நீதியின் நுட்பத்தைக் கற்க விரும்புவோர் செல்லாஃபீல்டுக்குப் போகலாம். இங்கிலாந்தின் வடமேற்கே, கம்ப்ரியா கரையில், எரிந்து தீர்ந்த அணு எரிபொருளிலிருந்து புளூட்டோனியம் பிரித்த அரசு ஆலை அது. 1983 நவம்பரில் அதன் கழிவுக் குழாய் ஐரிஷ் கடலில் கதிரியக்கப் படலத்தைக் கக்கியது. அந்தக் குழாயை அடைக்கக் கடலில் இறங்கிய கிரீன்பீஸ்காரர்களுக்கு, நீதிமன்றத் தடையை மதிக்கவில்லை என்று 50,000 பவுண்டு அபராதம். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடற்கரைப் பக்கம் மாதக்கணக்கில் போகாதீர்கள் என்று அரசே சொல்லவேண்டிய நிலையை உண்டாக்கிய நிறுவனத்துக்கு, 1985-இல், 10,000 பவுண்டு. ஆக, கடலில் நஞ்சைக் கலப்பதைவிட அதைத் தடுக்கப் போவது ஐந்து மடங்கு பெரிய குற்றம்.

தெரியாமல் செய்துவிட்டார்கள் பாவம் என்று யாரும் உருக வேண்டாம். மீனிலும் பாசியிலும் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கத்தான் கணிசமான கதிரியக்கத்தைத் திட்டமிட்டே கடலில் விட்டோம் என்று, அணுசக்தி ஆணையத்தின் ஜான் டன்ஸ்டர் 1958-இலேயே ஜெனீவா மாநாட்டில் சொல்லிவிட்டார். சோதனை எலியிடம் யார் சம்மதம் கேட்கிறார்கள்? மீனவர்களிடமும் கேட்கவில்லை. விட்டதெல்லாம் அனுமதித்த வரம்புக்குள்தான் என்பார்கள். ஆலை அரசாங்கத்துடையது, வரம்பும் அரசாங்கத்துடையது.

அந்த மாநாட்டுக்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் செல்லாஃபீல்டில் அணு உலையே தீப்பிடித்து எரிந்தது. சுமார் 500 சதுர கிலோமீட்டரில் கறந்த பாலையெல்லாம் கொட்டச் சொன்னார்கள். விசாரணை அறிக்கையைப் பிரதமர் மெக்மில்லன் பூட்டி வைத்தார்; 1988-இல்தான் வெளியே வந்தது. பாலுக்கு உடனடித் தண்டனை, உண்மைக்கு முப்பது ஆண்டுச் சிறை. நடுவில், 1981-இல், விண்ட்ஸ்கேல் என்ற நாறிப்போன பெயரை செல்லாஃபீல்டு என்று மாற்றிக்கொண்டார்கள். குழாய் அதே குழாய்.

1998-இல் பக்கத்து ஊரான சீஸ்கேலில் புறாக்கள் மாட்டின. ஆலைக் கட்டடங்களில் அடைந்துவிட்டு, ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு இரை தின்ன வந்த புறாக்கள்; மேலெல்லாம் கதிரியக்கம். நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். தோட்டத்து மண்ணை வழித்தெடுத்தார்கள். அங்கே அழகுக்கு வைத்திருந்த குள்ளப் பொம்மைகளையும் விட்டுவைக்காமல் அணுக்கழிவோடு அள்ளிப் போனார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்றால், சீஸ்கேலுக்கு இளைத்தவன் தாடி வைத்த ஒரு தோட்டத்துப் பொம்மை.

அதே சீஸ்கேலில்தான் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வழக்கத்துக்கு மேல் வருகிறது என்று 1983-இல் ஒரு தொலைக்காட்சிப் படம் காட்டியது. அதை ஆராய அரசு அமைத்த பிளாக் குழு மறு ஆண்டு தந்த அறிக்கையும் எண்ணிக்கை அதிகம்தான் என்று ஒப்புக்கொண்டது. காரணம் கதிரியக்கம்தான் என்பது மட்டும் இன்றுவரை நிரூபணமாகவில்லை. நிரூபணம் கிடைக்கும்வரை குழாயை மூடி வைப்போம் என்று ஆள்வோரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சந்தேகத்தின் பலன் எப்போதும் குழாய்க்கு, குழந்தைக்கு இல்லை.

இப்போது பழைய கழிவுக் கிடங்கு ஒன்று தினமும் சுமார் 2,000 லிட்டர் கதிரியக்க நீரை மண்ணுக்குள் ஒழுக விட்டுக்கொண்டிருக்கிறது. உள்ளே கிடப்பதை அள்ளி முடிக்க 2050-கள் ஆகுமாம். வளாகம் முழுவதையும் துப்புரவாக்க 2125 வரை 13,600 கோடி பவுண்டு வேண்டும் என்கிறது தேசியத் தணிக்கை அலுவலகத்தின் 2024 அறிக்கை. விண்ட்ஸ்கேலைக் கட்டிய கிறிஸ்டோபர் ஹின்டனுக்கு 1951-இலேயே சர் பட்டம் கொடுத்தாயிற்று. பிறகு பிரபுவாகவும் ஆக்கினார்கள். பில்லை மட்டும் இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகள் பெயரில் போட்டிருக்கிறார்கள்.