எங்களையும் தத்துக் கொடுங்கள், ஐயா

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
மாணவர் மன்றங்கள் நிதிப் பகிர்வுக் குழு,
பெயர் சொன்னால் ஹால் டிக்கெட் கிடைக்காத கல்லூரி,
வண்டலூர்.

வணக்கத்துக்குரிய ஐயா,

நாடகக் குழுவுக்கு இந்த ஆண்டு தாங்கள் ஒதுக்கியருளிய 1,120 ரூபாய் கிடைக்கப் பெற்றோம் என்று எழுதத்தான் ஆசை. கிடைக்கவில்லை. முதலில் நாங்கள் செலவழிக்க வேண்டுமாம், பிறகு பில் வைக்க வேண்டுமாம், பில் சரியாக இருந்தால் செமஸ்டர் முடிவதற்குள் பணம் வருமாம். ஓரங்க நாடகப் போட்டி நடந்த அன்று நடுவர்களுக்கும் நடித்தவர்களுக்கும் வாங்கிய முப்பது டீக்கு 360 ரூபாய். கடைக்காரர் தன் கைப்பட சீட்டு எழுதி, எங்கிருந்தோ தேடியெடுத்து ரப்பர் ஸ்டாம்பும் குத்திக் கொடுத்தார். அதை நேற்று கணக்குப் பிரிவு ஜன்னலில் நீட்டினேன்.

“தம்பி, இதுல ஜி.எஸ்.டி. நம்பர் எங்க?”

“டீக்கடை சார்.”

“அதான் கேக்கறேன், ஜி.எஸ்.டி. எங்க?”

“சார், கடையே ஜி.எஸ்.டி. ரோட்லதான் சார் இருக்கு.”

வரிசையில் பின்னால் நின்ற முதலாண்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஜன்னலுக்குள் இருந்தவர் சிரிக்கவில்லை. சீட்டின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, “அடுத்தது” என்றார். ஆண்டுக்கு இருபது லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம் செய்கிற டீக்கடை ஜி.எஸ்.டி. பதிவே செய்ய வேண்டியதில்லை என்கிறது சட்டம். சட்டத்துக்குத் தெரியாத நுணுக்கங்கள் நம் கணக்குப் பிரிவுக்குத் தெரிந்திருப்பது நாங்கள் செய்த பாக்கியம். நடுவர் கிளாம்பாக்கத்தில் இறங்கி வந்த ஆட்டோவுக்கும் பில் கேட்டார்கள். மீட்டரே போடாத ஊரில் பில் கொடுக்கிற ஆட்டோக்காரரைக் கண்டால் அவரையே சிறப்பு விருந்தினராக மேடையேற்றுவோம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஐயா, தங்களிடம் நிதி கேட்க இதை எழுதவில்லை. அந்தத் துணிச்சல் எங்களுக்கு இல்லை. கல்லூரிக்குக் கூப்பிடு தூரத்தில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இருப்பது தாங்கள் அறிந்ததே. அங்கே விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. நடிகர் சிவகார்த்திகேயன் அனு என்கிற வெள்ளைப் புலியைத் தத்தெடுத்துச் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொண்ட செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. எங்கள் நாடகக் குழுவையும் அந்தப் பட்டியலில் சேர்க்கத் தாங்கள் ஒரு பரிந்துரைக் கடிதம் தந்தால் போதும். அறிவிப்புப் பலகைக்கான விவரங்களை நாங்களே தயாரித்துவிட்டோம். இனம்: அருகிவருவது. எண்ணிக்கை: 14. வாழிடம்: டூவீலர் ஸ்டாண்டின் பின்பக்கம். உணவு: டீ, கிடைத்தால் சமோசா. குறிப்பு: கடிக்காது, வசனம் பேசும்.

இனி தங்கள் சுற்றறிக்கைக்கு வருகிறேன். பணம் குறைந்துவிட்டது. போன ஆண்டு பதினெட்டு மன்றங்களுக்கும் சேர்த்து ஆறு லட்சம், இந்த ஆண்டு மூன்று லட்சத்து அறுபதாயிரம். “அனைத்து மன்றங்களுக்கும் சீராக 40 சதவீதக் குறைப்பு” என்று முதல் பத்தியில் இருக்கிறது. மறுபக்கம் திருப்பினால், சின்ன எழுத்தில், ரோபோட்டிக்ஸ், தொழில்முனைவோர், புத்தாக்கம் ஆகிய மூன்று மன்றங்களும் “முன்னுரிமை” பெற்றவை என்பதால் அவற்றின் இரண்டு லட்சத்தில் கை வைக்கப்படாது என்று இருக்கிறது. மீதிப் பதினைந்து மன்றங்களும் போன ஆண்டு வாங்கியது நான்கு லட்சம். அவற்றுக்கு இப்போது மிஞ்சுவது ஒரு லட்சத்து அறுபதாயிரம். எங்கள் குழுவில் ஒருவன் பி.காம். அவன் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, “மச்சான், நமக்கு விழுந்தது நாற்பது இல்ல, அறுபது” என்றான். நாற்பது என்று சொல்லி அறுபதை வெட்டும் இந்தக் கைத்திறனுக்குத் தியேட்டரில் டிக்கெட் வாங்கி உட்கார வேண்டும். நாங்கள் அதை ஓசியில் பார்த்தோம்.

அந்த ஒரு லட்சத்து அறுபதாயிரத்தையும் உறுப்பினர் எண்ணிக்கைப்படி பிரித்திருக்கிறீர்கள். பதினைந்து மன்றங்களிலும் மொத்தம் இரண்டாயிரம் பெயர்கள், ஆக தலைக்கு எண்பது ரூபாய். எங்களில் பதினான்கு பேர்தான். ஒத்திகைக்கு வராதவன் பெயரை அடித்துவிடுவது எங்கள் வழக்கம், அதனால்தான் பதினான்கு. யோகா மன்றத்தில் 640 பேர். முதலாண்டு சேர்க்கையன்று கொடுக்கிற விண்ணப்பத்திலேயே யோகாவுக்கு டிக் அடித்துத் தருகிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தாம் யோகா மன்றத்தில் இருப்பதே இந்தச் சுற்றறிக்கையைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவர்களுக்கு 51,200 ரூபாய். மூச்சை இழுத்து விடுவதற்கு என்ன செலவு என்று நாங்கள் கேட்க மாட்டோம். அந்த மன்றத்தின் பொறுப்பாசிரியரும் தாங்களே என்பது தற்செயல் என்றும் எங்களுக்குத் தெரியும். எதிர்ப்பக்கப் பூங்காவில் இப்படித் தலைக்கணக்குப் போட்டால் கூட்டமாய்த் திரிகிற புள்ளிமானுக்கு விருந்து, ஒற்றைப் புலிக்குப் பட்டினி. புலிக்கு என்ன, தத்தெடுக்க நடிகர் இருக்கிறார்.

தாங்கள் பொருளியல் பேராசிரியர். போன மாதம் நம் செமினார் ஹாலில் நிதிக் குழு பற்றித் தாங்கள் ஆற்றிய உரையை முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான். பதினைந்தாவது நிதிக் குழு 1971 மக்கள்தொகையை விட்டுவிட்டு 2011 கணக்கை எடுத்துக்கொண்டதால், குடும்பக் கட்டுப்பாட்டைப் பொறுப்பாகச் செய்த தென்மாநிலங்கள் தண்டிக்கப்படுகின்றன என்றீர்கள். தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது 4.079 சதவீதம்தான் என்று சொல்லும்போது தங்கள் குரல் கம்மியது. செஸ், சர்சார்ஜ் என்று ஒன்றிய அரசு தனியாக வசூலிப்பது பகிர்வுக் கணக்குக்குள் வருவதே இல்லை, மாநிலங்களுக்கான 41 சதவீதம் மிச்சத்துக்கு மட்டும்தான் என்று தாங்கள் விளக்கியபோது நாங்கள் மேசையைத் தட்டினோம். எனக்குக் கண்கள்கூடக் கலங்கின.

ஐயா, அந்த உரை அநியாயத்தைக் கண்டிக்க என்று நினைத்து ஏமாந்தோம். செய்முறை விளக்கம் என்று இப்போதுதான் புரிகிறது. பொறுப்பாகப் பெயர் நீக்கியவனுக்குத் தலைக்கு எண்பது, கண்டபடி பெயர் சேர்த்தவனுக்கும் தலைக்கு எண்பது. முன்னுரிமை மன்றங்கள்தான் நமது செஸ், சர்சார்ஜ். டெல்லியையாவது ஒரு விஷயத்தில் பாராட்ட வேண்டும். அரசியலமைப்பின் 280-ஆவது பிரிவுப்படி குழு அமைத்து, வருமான இடைவெளிக்கு 45, மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15 என்று சூத்திரத்தை அச்சிட்டு நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கென்று தனியாக 12.5 புள்ளிகூடக் கொடுத்தார்கள், போதாது என்றாலும். தங்கள் குழு அந்தப் பன்னிரண்டரையையும் மிச்சப்படுத்திவிட்டது. சூத்திரத்தை அச்சிடும் தாள் செலவையும்.

குறைந்த பணத்தைப் பிரிப்பது கஷ்டம் என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். கஷ்டம்தான். ஆனால் புதுசாக வந்த கஷ்டம் இல்லை. யூதர்களின் சட்ட நூலான தால்முதில் ஒரு வழக்கு இருக்கிறது. ஒருவன் மூன்று மனைவியருக்கு 100, 200, 300 என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் செத்துப்போகிறான். சொத்து அறுநூறு தேறவில்லை. நூறுதான் இருந்தால் மூவருக்கும் சமம். இருநூறு இருந்தால் 50, 75, 75. முந்நூறு இருந்தால் 50, 100, 150. இதில் என்ன ஒழுங்கு என்று அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ராபர்ட் ஆமனும் மைக்கேல் மாஷ்லரும் 1985-இல் அந்தப் புதிரை அவிழ்த்தார்கள். அதே ஆண்டுதான் வண்டலூரில் பூங்காவும் திறந்தார்கள், எல்லாம் பொருந்தித்தான் வருகிறது. ஆமனுக்குப் பிற்பாடு நோபல் பரிசும் கிடைத்தது. அவர்கள் கண்ட விதி இதுதான்: இருப்பது மொத்தக் கோரிக்கையில் பாதிக்குக் கீழே இருந்தால், யாருக்கும் அவரவர் கேட்டதில் பாதிக்கு மேல் கிடையாது. பாதிக்கு மேலே இருந்தால், யாருக்கும் பாதிக்குக் குறையாது.

போன ஆண்டு வாங்கியதையே கோரிக்கையாகக் கொண்டால், நம்மிடம் இருப்பது ஆறு லட்சத்தில் மூன்று லட்சத்து அறுபதாயிரம், பாதிக்கு மேல். ஆகவே அந்த விதிப்படி பதினெட்டு மன்றங்களில் எதற்குமே போன ஆண்டில் பாதிக்குக் கீழே போயிருக்க முடியாது. போன ஆண்டு முப்பதாயிரம் வாங்கிய எங்களுக்குப் பதினைந்தாயிரமாவது வந்திருக்கும். லைட் வாடகை, மேக்கப், ஆடை வாடகை எல்லாம் போக, டீக்கடைக்காரரை ஜி.எஸ்.டி.யில் பதிய வைக்கவும் காசு மிஞ்சியிருக்கும். இதெல்லாம் பொருளியல் துறைத் தலைவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதா என்று தாங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாடகத்துக்கு நிதிக் குழு எதற்கு என்றும் யோசித்துப் பார்த்தோம். பல்லாவரத்தில் திரும்பினால் பம்மல். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அதற்கு நிதிப் பகிர்வுக் குழு இல்லை. தமிழ் நாடகம் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

மன்றங்களின் மீது கல்லூரிக்கு அக்கறையே இல்லை என்று யாராவது சொன்னால் நாங்கள் சண்டைக்குப் போவோம். தர மதிப்பீடு செய்ய நாக் குழு வருகிறது என்றால் பதினெட்டு மன்றங்களுக்கும் ஃபிளெக்ஸ் பேனர் வரும். ஐந்தாவது அளவுகோலான ‘மாணவர் ஆதரவும் முன்னேற்றமும்’ கோப்புக்காக நிகழ்ச்சி அறிக்கை கேட்பார்கள், ஜியோ டேக் போட்ட புகைப்படம் கேட்பார்கள். போன தடவை ஒரே நாடகத்தை மூன்று சட்டை மாற்றி மூன்று நிகழ்ச்சியாக எடுத்துக் கொடுத்தோம். அட்சரேகை, தீர்க்கரேகையோடு எங்கள் இருப்பு நிரூபிக்கப்பட்டிருக்கிறது. பார்வையாளர் வரும் நாளில் கூண்டு கழுவுவது எல்லா ஊர்ப் பூங்காவிலும் வழக்கம்தானே.

இதை யாரிடம் முறையிடுவது என்றால், எங்களுக்குத் தேர்ந்தெடுத்த பிரதிநிதி கிடையாது. மாணவர் தேர்தலில் வேட்பாளர் ஒருவர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று 2006-இல் லிங்டோ குழு சொன்னது. நம் கல்லூரியில் தேர்தலே வைக்காமல் அந்த ஐயாயிரத்தையும் மிச்சம் பிடித்துவிட்டார்கள். எங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே நியமிக்கிறீர்கள். தங்கள் முடிவைத் தங்களிடமே அவர்கள் பாராட்டுகிறார்கள். குழுக் கூட்டத்திலும் ஒருமனதாகப் பாராட்டினார்களாம். கூட்டத்துக்கு வந்த முந்திரி பிஸ்கட் நன்றாக இருந்ததாகவும் கேள்வி. அதற்கு ஜி.எஸ்.டி. பில் இருந்திருக்கும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன் சார். ஃபீஸ் ரசீதில் “மாணவர் செயல்பாட்டுக் கட்டணம்” என்று ஒரு வரி இருக்கிறது. அது போன ஆண்டு எவ்வளவோ அதே தொகைதான் இந்த ஆண்டும். ஒரு ரூபாய் குறையவில்லை. சேர்க்கையும் குறையவில்லை. அப்படியானால் குறைந்த இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் எங்கே போனது? யாரும் சொல்லவில்லை. கேட்ட எங்கள் குழு மாணவியிடம், “படிக்க வந்தியா, கணக்குக் கேக்க வந்தியா” என்றார்கள். அவள் ஊரப்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவள். அம்மாவின் கல்யாணப் புடவையைக் கொண்டுவந்துதான் மேடையில் கட்டினாள். அந்தக் கட்டணத்துக்கு அவள் அப்பா கடன் வாங்கியிருக்கிறார். இது தானம் இல்லை சார். நாங்கள் கட்டிய பணம். எங்கள் பணத்தை மூடிய அறையில் உட்கார்ந்து பிரித்துவிட்டு, டீ சீட்டைக் கோடு போட்டுக் கிழிக்காத குறையாகத் திருப்பித் தருவதற்கு உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

மன்னிக்கவும், ஐயா. வசனம் பேசிப் பேசி வந்த பழக்கம். தங்கள் பெருந்தன்மை இதையும் பொறுத்துக்கொள்ளும் என்று அறிவேன். பலகையில் ‘கடிக்காது’ என்று எழுதியதை மட்டும் ‘பொதுவாகக் கடிக்காது’ என்று திருத்திவிடுகிறோம்.

எங்கள் பணிவான வேண்டுகோள் சின்னதுதான். செயல்பாட்டுக் கட்டணமாக வசூலான மொத்தத் தொகை எவ்வளவு, அதில் மன்றங்களுக்கு வந்தது எவ்வளவு, மூன்று மன்றங்களுக்கு முன்னுரிமை கொடுத்த கூட்டத்தின் குறிப்பு, இவற்றை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டால் போதும். குறைப்பு உண்மையிலேயே தேவைதான் என்று அந்தத் தாள் சொன்னால், எங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டு கைதட்டிவிட்டுப் போவோம், லைட் இல்லாமலும் நாடகம் போட எங்களுக்குத் தெரியும். தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் எங்களில் மூன்று பேர் இருக்கிறார்கள். பதினெட்டு மன்றச் செயலாளர்களையும் ஒரு நாள் கூப்பிட்டு, எல்லோர் எதிரிலும் பிரித்துக் காட்டுங்கள். செவ்வாய்க்கிழமை என்றால் உத்தமம். அன்று பூங்காவுக்கு வார விடுமுறை, ஒப்பிட்டுப் பார்த்துப் புலிகள் சங்கடப்படாது.

இப்படிக்கு,
தங்கள் பகிர்வால் தலைக்கு எண்பது ரூபாய் பெறவிருக்கும்,
நாடகக் குழுச் செயலாளர்.

நகல்: இயக்குநர், அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, வண்டலூர் – காலியிடம் இருக்கிறதா என அறிய.