வலது பக்கத்து சீட்டு

திருவண்ணாமலையில் விமான நிலையம் கிடையாது. அதனால் இங்கே விமானம் வாங்கியவனிடம் ஊரார் கேட்கிற முதல் கேள்வி, "எங்கே நிறுத்துவீங்க?" என்பதுதான். பெங்களூர் பக்கம் ஒரு ஷெட்டில் நிற்கிறது என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. கண்ணில் படாத சொத்தை ஊர் சொத்தாகக் கணக்கில் வைப்பதில்லை.

நான் வாங்கியது இரண்டு சீட்டு எக்ஸ்-ஏர், பழசு. பெங்களூரின் ராஜ் ஹம்சா கம்பெனி செய்தது. அலுமினியக் குழாய்களைக் கோத்து, மேலே டேக்ரான் துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். "துணியா? ஆரணிப் பட்டா?" என்று அம்மா ஆவலாகக் கேட்டாள். பட்டாக இருந்தால் பீரோவில் மடித்து வைத்திருப்பார்களே! இது வெயிலில் நிற்பது. வெயில் பட்டுப் பட்டு டேக்ரான் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே இற்றுப் போயிருக்கும். ஆகவே பழைய விமானம் வாங்குகிறவன் இறக்கைத் துணியில் சின்ன ஊசியைக் குத்தி, ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்க்க வேண்டும். கிழிந்தால் விமானம் விற்பவருடையது, கிழியாவிட்டால் நம்முடையது. நான் இழுத்தபோது விற்றவர் மேகங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கிழியவில்லை.

என்ஜின் ரோட்டாக்ஸ் 582. இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். பெட்ரோல் 50 பங்குக்கு ஆயில் 1 பங்கு. ஆர்எக்ஸ் 100 வண்டிகளிலேயே தலை நரைத்த எங்கள் தெரு மெக்கானிக், அதன் சத்தத்தை போனில் கேட்டுவிட்டு, "நம்ம ஜாதி என்ஜின்தான் சார்" என்று கண் கலங்கினார். ஆனால் இந்த என்ஜின் எந்த நேரமும் திடீரென நின்றுவிடக்கூடும், நின்றால் பத்திரமாக இறங்க முடியாத இடத்துக்கு மேல் பறக்காதீர்கள் என்று தயாரித்தவர்களே கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தோடு இப்படி ஒரு தாள் இணைத்து அனுப்பினால் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கும்.

தமிழ்நாட்டு வானத்துக்கு இந்தப் பைத்தியம் புதிதல்ல. 1910-இல் மவுண்ட் ரோடு ஹோட்டல்காரர் டி'ஏஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியில் விமானம் கட்டச் சொல்லிப் பல்லாவரத்தில் பறந்தார். காது கேளாத, வாய் பேசாத இடுக்கிக்காரர் சஜி தாமஸ், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர், இரண்டு சீட்டு விமானத்தைத் தன் கையாலேயே செய்தார். 2014-இல் அது அம்பாசமுத்திரம் பக்கம் மணிமுத்தாறில் பறந்தது. என் கை செய்ததெல்லாம் செக்கில் கையெழுத்து மட்டும்.

பறப்பது நினைத்ததைவிடச் சுலபம், இறங்குவது அப்படியல்ல. துணியும் குழாயும் கம்பியுமாக இருக்கிற இந்த உடம்பு காற்றில் வழுக்கிக்கொண்டு போகாது. த்ராட்டிலைக் குறைத்த மறுகணம் வேகம் செத்துவிடும். மூக்கை உடனே தாழ்த்த வேண்டும், அதாவது பயம் "மேலே இழு" என்று கத்தும் நேரத்தில் கீழே தள்ள வேண்டும். பக்கத்தில் இருந்த வாத்தியார் இறங்கிக்கொண்டு என்னைத் தனியாக அனுப்பிய அன்று, அவர் எடை குறைந்த சந்தோஷத்தில் விமானம் ஓடுதளத்தைப் பாதிகூடத் தொடாமல் எழும்பிவிட்டது. என்னைக் கேட்கவே இல்லை.

எடை என்றதும் மச்சான் ஞாபகம் வருகிறார். மைக்ரோலைட் என்றால் எல்லாம் சேர்த்தே 450 கிலோ. அதில் பாதிக்கு மேல் விமானமே எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் பெட்ரோல், நான், இன்னொருவர். அந்த இன்னொருவராக வர மச்சான் முன்வந்ததும் ஒரு அரிசி மண்டித் தராசில் ஏற்றினோம். பர்ஸ், போன், பெல்ட் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் ஏறினார். மண்டிக்காரர் பழக்கதோஷத்தில் சாக்கு எடையையும் கழித்துச் சொன்னார்.

மச்சானுக்கு வேண்டியது ஆகாய கிரிவலம். அனுமதியும் கிடையாது, இறங்க இடமும் கிடையாது. ஆனால் திட்டம் போட யார் அனுமதி வேண்டும்? நடந்தால் நாலைந்து மணி நேரம் பிடிக்கிற 14 கிலோமீட்டர், பறந்தால் பத்து நிமிஷம். எட்டு லிங்கத்துக்கும் நின்று கும்பிட முடியாது, நின்றால் விழுந்துவிடும். மத்தியானம் கூடாது, 2,668 அடிப் பாறை சூடேறிக் காற்றை மேலே எறியும். விடியற்காலைதான் சரி. கிரிவலம் என்பதால் செருப்பில்லாமல் ரடர் பெடலை மிதிக்கலாம்.

எல்லாம் முடிவான பிறகுதான் எனக்கு உறைத்தது. பிரதட்சணம் வந்தால் மலை வலது பக்கம். பைலட் சீட்டு இடது பக்கம். தரிசனம் முழுக்க மச்சானுக்கு. பணம் போட்டவன் வழி நெடுகப் பார்ப்பது செங்கம் ரோட்டு பஸ்களை.

"அப்போ எதிர்ப்பக்கமா சுத்திடலாமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"அப்பிரதட்சணமா? எங்க தம்பியையும் ஏத்திக்கிட்டா?" என்று அடுக்களையிலிருந்து மனைவியின் தீர்ப்பு வந்தது.

மச்சான் பெருந்தன்மையாகச் சொன்னார்: "நீங்க ரோட்டப் பார்த்து ஓட்டுங்க மாமா. மலைய நான் பார்த்துச் சொல்றேன்."