‘ஏ.சி.’ என்னும் அடைமொழி: திருவந்திபுரத்துக் கல்யாண மண்டபங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

இவ்வாய்வு என்னுதலிற்றோ எனின், கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயரோடு ஒட்டி வரும் ‘ஏ.சி.’ என்னும் அடைமொழியின் பிறப்பும் பொருளும் உணர்த்துதல் நுதலிற்று. களம், கடலூரை அடுத்த திருவந்திபுரம். தேவநாத சுவாமி சன்னிதியில் தாலி கட்டுவதாக வேண்டிக்கொண்டவர்கள் வட்டாரம் முழுக்க இருப்பதால், ஒரே முகூர்த்த நாளில் நூறு கல்யாணத்துக்கு மேல் நடப்பதும் உண்டு. மாதிரிக்குப் பஞ்சமில்லை.

பிறப்பு: ‘ஏர் கண்டிஷனிங்’ என்று பெயரிட்டவர் அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கிரேமர், ஆண்டு 1906. காற்று வறண்டால் ஆலையில் நூல் அறும். ஆகவே காற்றுக்கு ஈரம் ஏற்றிப் பதப்படுத்தினார். 1902இல் வில்லிஸ் கேரியர் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்கு வடிவமைத்த இயந்திரமோ, ஈரத்தில் காகிதம் விரிந்து வண்ணங்கள் விலகாமல் காக்க வந்தது. மாமாக்களின் வியர்வை இரண்டு கணக்கிலும் இல்லை.

அளவை: ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக வேண்டிய வெப்பத்தை அகற்றும் திறனே ஒரு டன் ஏ.சி.; ஏறத்தாழ 3,500 வாட். சும்மா உட்கார்ந்திருப்பவர் உடம்பு ஏறத்தாழ 100 வாட் விடும். எனவே 35 உறவினர் கொண்டது ஒரு டன். சீர்வரிசையில் மனத்தாங்கல் உள்ளவர்களைத் தனியே கணக்கிடுக.

பொருள்: ஹோமப் புகை கிளம்பியதும் மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்து இரண்டு கதவையும் விரியத் திறந்து, முட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வைக்கிறார். “புகை போகட்டும்பா.” புகை மேடையிலேயே நிற்கிறது, குளிர் கெடிலம் ஆற்றுப் பக்கம் போகிறது. மேனேஜர் ரிமோட்டில் 16 வைக்கிறார். பெண்வீட்டார் ஒருவரும் வருந்துவதில்லை. ஏனெனில் பிற அடைமொழிகள் தமக்கு அடுத்த பெயரைச் சிறப்பிக்க, ‘ஏ.சி.’ மட்டும் பத்திரிகையின் அடியில் உள்ள பெண்ணின் தகப்பனார் பெயரைச் சிறப்பிக்கிறது.

மறுப்பு: எதிரே ஔஷதகிரி, சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது தல வரலாறு. அந்த மூலிகைக் காற்று இருக்க ஏ.சி. எதற்கு என்பர் ஒரு சாரார். அக்னி நட்சத்திரத்தில் பட்டுப்புடவையோடும் கோட்டோடும் ரிசப்ஷனில் நின்றறியாதார் கூற்று எனத் தள்ளுக.

முடிவு: நூல் அறாதிருக்கப் பிறந்த சொல், மஞ்சள் கயிறு முடியும் இடத்துக்கு வந்து சேர்ந்தது வேர்ப்பொருளுக்கு முற்றும் பொருந்தும். பரிந்துரை ஒன்றே: மூன்றாம் முடிச்சு விழுந்ததும் சித்தப்பா கதவைச் சாத்துக.